ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: இந்தக் கேள்வியை டூப்ளிகேட்னு மூடலாமா? மூணாவது ஓட்டு என் கையில

பைதான்பித்தன்
ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற புரோகிராமர்கள் கேள்வி-பதில் தளத்துல இப்பதான் 3,000 புள்ளி தாண்டி, க்ளோஸ் ஓட்டுப் (புதுப் பதில் வராம கேள்வியை மூடுறதுக்கான ஓட்டு) போடுற உரிமை வந்திருக்கு. ரிவ்யூ வரிசையில ஒரு கேள்வி. பைதான் 3 மொழியில முழு எண்ணாக்க ரவுண்ட்(2.5) போட்டா 2 வருது, ரவுண்ட்(3.5) போட்டா 4 வருது, ஜிஎஸ்டி பில்லுக்கு 2.50-ன்னா 3 வரணும், என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ரெண்டு பேர் டூப்ளிகேட்னு, அதாவது ஏற்கனவே கேட்ட கேள்வின்னு, ஓட்டுப் போட்டாச்சு. அவங்க காட்டுறது 0.1 + 0.2 போட்டா 0.30000000000000004 ஏன் வருதுங்கிற அந்தப் பிரபலமான ஃப்ளோட்டிங் பாயிண்ட் கேள்வி (கம்ப்யூட்டர் தசம எண்ணைப் பைனரியில சேமிக்கும்போது வர்ற சின்னப் பிழை பத்தினது). நானும் போட்டா மூடிடும். ஏதோ இடிக்குது. என்ன செய்யலாம்?

பழையசர்வர்
போடாதீங்க தம்பி. 2.5-ஐ பைனரியில 10.1-னு துல்லியமா எழுதலாம், அங்க பிழைக்கே இடமில்ல. சரிபாதியில நிக்கிற எண்ணை பைதான் 3 பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும், அவ்வளவுதான். பைதான் 2-ல இதே வரிக்கு 3.0 வரும். ரவுண்ட்(2.675, 2) போட்டா 2.67 வருதேன்னு கேட்டிருந்தா அந்த லிங்க் பொருந்தும், ஏன்னா 2.675 உள்ள ஒரு துளி குறைச்சலாத்தான் சேமிப்பாகுது. தசமப் புள்ளியைப் பார்த்ததுமே அந்த லிங்கைத் தூக்கிப் போடுறது சிலருக்குப் பழக்கமாயிடுச்சு.

கொட்டிவாக்கம் கோடர்
லிங்க் தப்புங்கிறதை ஒத்துக்கிறேன். அதுக்காகத் திறந்தே விடணுமா? பைதான் 3 ரவுண்டிங் பத்தியே தனியா ஒரு கேள்வி பல வருஷமா அங்க இருக்கு. அதைக் காட்டி டூப்ளிகேட் போடுங்க. டூப்ளிகேட்னு மூடினா கேள்வி காணாமப் போகாது, தேடி வர்றவங்களை மூலக் கேள்விக்கு அனுப்பும். வேற காரணத்துக்கு மூடினதுதான் ஆபத்து: அந்தக் கேள்வி வாங்கின புள்ளி பூஜ்யமோ அதுக்குக் கீழயோ இருந்து, ஓட்டு வாங்கின பதிலும் இல்லாம, எடிட்டும் ஆகாமக் கிடந்தா 9 நாள்ல தானா அழிஞ்சிடும்.

பழையசர்வர்
அவர் "ஏன்"னு மட்டும் கேக்கலையே. மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டம் 170-ம் பிரிவுப்படி 50 பைசாவோ அதுக்கு மேலயோ இருந்தா ஒரு ரூபாயா ஏத்தணும். அவருக்கு வேண்டியது தசம எண்ணைத் துல்லியமா கையாளுற பைதானோட டெசிமல் மாட்யூல்ல குவாண்டைஸ், கூடவே சரிபாதியை மேல ஏத்துற ரவுண்ட்_ஹாஃப்_அப். (எண்ணை மேற்கோள் குறிக்குள்ள எழுத்துச் சரமா கொடுக்கணும், சாதாரண தசம எண்ணா (ஃப்ளோட்) கொடுத்தா 2.675 வியாதி திரும்ப வரும்.) நீங்க சொல்ற பக்கத்தைப் படிச்சு அவர் பில்லைச் சரி பண்ணிட முடியுமா? முடியும்னா மூடுங்க.

தேனி தேவி
ரெண்டு பேரும் விட்ட ஒரு விஷயம்: பைதான் டேக்ல (கேள்வியோட தலைப்பு அடையாளம்) தங்க பேட்ஜ், அதாவது அந்தத் தலைப்புல நிறைய பங்களிச்சதுக்கான பதக்கம், வெச்சிருக்கிறவர் தனியாளா டூப்ளிகேட் மூடலாம், திறக்கலாம், லிங்கையும் மாத்தலாம். தனியாளா மூடுற வசதி 2014-லேர்ந்து உண்டு. அந்தத் தளத்தோட பைதான் சாட் அறையில சொன்னா யாராவது பார்ப்பாங்க.

முன்னாடி மூட 5 ஓட்டு வேணும், 2019-ல 3 ஆக்கினாங்க. வரிசை வேகமா நகருது, சரி. ஆனா தப்பான லிங்கை நிறுத்த நடுவுல ஆள் குறைஞ்சு போச்சுங்கிறது என் எண்ணம்.

ஒருவேளை மூடிட்டா, கேட்டவர்கிட்ட கமெண்ட்ல வாதாட வேணாம்னு சொல்லுங்க. "லிங்க்ல இருக்கிறது பைனரி பிழை, என்னது சரிபாதி ரவுண்டிங்"னு கேள்வியிலேயே ஒரு வரி சேர்த்து எடிட் பண்ணட்டும். அப்ப மறுபடி திறக்கலாமான்னு பார்க்கிற ரீஓபன் வரிசைக்கு அனுப்பலாம்.

பைதான்பித்தன்
திறந்து விடலாம்னு அழுத்திட்டு, ரவுண்டிங் கேள்வியோட லிங்கை கமெண்ட்ல போட்டுட்டேன். டெசிமல் பதிலை இங்கேயே எழுதவா, இல்ல பழைய கேள்விக்கா?

கொட்டிவாக்கம் கோடர்
பழையதுக்கு. முதல்ல அங்க அப்படி ஒரு பதில் இருக்கான்னு பார்த்துக்குங்க, இல்லாட்டி எழுதுங்க. அப்புறம் அதைக் காட்டி நானே க்ளோஸ் ஓட்டுப் போடுறேன்.

பழையசர்வர்
அப்படி மூடினா எனக்கும் சம்மதம்.