ஆங்கில வாக்கியங்களில் இணையமைப்பு: விளக்கம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் அடுக்கப்படும் சொற்களும் தொடர்களும் ஒரே இலக்கண வடிவில் அமைய வேண்டும் என்னும் இணையமைப்பு விதி எனக்கு விளங்குகிறது. 'ஷி லைக்ஸ் ரீடிங், ரைட்டிங் அண்ட் டு ஸ்விம்' என்பதில் இறுதிப் பகுதி 'ஸ்விம்மிங்' என்று மாறினால்தான் வாக்கியம் சீராகும். அமெரிக்க அதிபர் லிங்கன் 1863இல் ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரையின் முடிவில் மக்களாட்சியைக் குறிக்கும் 'ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்' என்னும் மூன்று தொடர்களும் இப்படி ஒரே அமைப்பில் வருவதால்தான் அவை மனத்தில் நிற்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஐயம் எழுவது இரட்டை இணைப்புச் சொற்கள் வரும் இடத்தில்தான். 'ஹி நாட் ஒன்லி ரோட் த ரிப்போர்ட் பட் ஆல்சோ த லெட்டர்' என்னும் வாக்கியத்தில் 'நாட் ஒன்லி'க்குப் பின் வினையும் 'பட் ஆல்சோ'வுக்குப் பின் பெயரும் வருவதால், 'ரோட்' என்பதை முன்னால் நகர்த்துவதே முறை. பேச்சிலோ இந்த ஒழுங்கு அடிக்கடி நெகிழ்கிறது. தேர்வு விடைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இதைப் பிழையாகவே கருதுவார்களா? மேலும், 'தட்' என்று தொடங்கும் நீண்ட துணைவாக்கியங்கள் அடுத்தடுத்து வரும்போது, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அச்சொல்லைத் திரும்ப எழுதுவது தெளிவைத் தருமா, வாக்கியத்துக்குச் சுமையாகுமா? ஆங்கிலம் கற்பிப்போரும் பிரதி திருத்துவோரும் ஓரிரு எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.