ஊசி சிவப்பைத் தாண்டியபின் எஞ்சின் விளக்கு எரிந்தால்: வெளிநாட்டில் புதிதாக வண்டி ஓட்டும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

பாலக்கோடு, இப்போது ஸ்டுட்கார்ட்:

நம் மாவட்டத்து ஆட்கள் இங்கே வந்து இறங்கிய முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கியர் தப்பி விழுந்து எஞ்சின் அலறியது, எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் ஊசி சிவப்புக்குப் போனது, இப்போது டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் படம் எரிகிறது, என்ன செய்வது? பதில் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். தெரிந்தவர்கள் கீழே சேருங்கள்.

முதலில் விளக்கைப் பாருங்கள். நிலையாக எரிகிறதா, மின்னி மின்னி எரிகிறதா? மின்னினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அங்கே சூடு எகிறி உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயில் மாற்றி முடிந்திருக்க வேண்டிய வேலை கன்வர்ட்டர் செலவில் போய் நிற்கும். அதனால் மின்னும்போது ஆக்சிலேட்டரை விட்டு, பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். "வீடு பக்கம்தான், மெதுவாகப் போய்விடலாம்" என்ற எண்ணம் வேண்டாம். நிலையாக எரிகிறது, வண்டி உதறவில்லை, இழுவை குறையவில்லை, புதுச் சத்தம் இல்லை என்றால் 2,500 ஆர்பிஎம்முக்குள் வைத்து வீடு வரை ஓட்டலாம். சிவப்பில் ஆயில் கேன் படமோ, வெப்பமானி படமோ வந்தால் மஞ்சள் விளக்கு எப்படி எரிகிறது என்பதெல்லாம் பிறகு. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும்.

அடுத்தது, ஊசி எப்படிச் சிவப்புக்குப் போனது என்பது. இதுதான் மொத்த விஷயத்தையும் முடிவு செய்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்து ஏற்றியிருந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லையில் பெட்ரோலை வெட்டிவிடும். பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் 6,000 முதல் 6,500, டீசலில் 4,500 முதல் 5,000. அந்த வெட்டு இருப்பதால் ஆரோக்கியமான எஞ்சின் சில நொடி அலறலில் உடையாது. அதற்குப்பின் விளக்கு வந்தால், ஏற்கெனவே களைத்துப்போன ஸ்பார்க் பிளக், காயில், தளர்ந்த காற்றுக்குழாய் ஏதோ ஒன்று அந்த பாரத்தில் வெளியே தெரிந்திருக்கிறது என்றே பெரும்பாலும் முடியும்.

கீழ் கியர் தப்பாக விழுந்து ஏறியது வேறு கதை. அங்கே எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் கிடையாது, சக்கரம். கம்ப்யூட்டர் எதை வெட்டினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்கள்: ஐந்தாம் கியரில் 120 கி.மீ. வேகத்தில் 3,300 சுற்று ஓடும் சாதாரண பெட்ரோல் கார், நான்கில் விழுந்தால் 4,200, மூன்றில் 5,500. இரண்டில் விழுந்து கிளட்சையும் முழுதாக விட்டால் 8,000-ஐத் தாண்டும். அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை இடித்து வளைக்கும். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டோ செயினோ ஒரு பல் தாண்டலாம், கனெக்டிங் ராடின் போல்ட் இழுபடலாம், பேரிங் தேயலாம்.

இது நம் ஆட்களுக்கு அதிகம் நடப்பதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் கியர் இடது கையில். ஐந்தாம் கியர் நம் பக்கம், ஒன்றும் இரண்டும் தள்ளி. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில். ஆனால் கியரின் வரிசை மாறவில்லை. அதனால் இப்போது ஒன்றும் இரண்டும் நம் தொடையை ஒட்டி, ஐந்தும் ஆறும் தள்ளி. பழகிய கை "மேல் கியர் என்றால் என் பக்கம் இழு" என்று இழுக்கும். ஆறு கியர் வண்டியில் ஐந்திலிருந்து ஆறு போட அப்படி இழுத்தால் நான்கு விழும், இன்னும் அழுத்தி இழுத்தால் இரண்டு. ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போதும் இதே ஆபத்துதான்.

கையைத் திருத்தும் வழி இது. கியர் தலையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்துக்குப் போக உள்ளங்கையால் உங்களை விட்டுத் தள்ளி, பிறகு முன்னே. ஐந்திலிருந்து நான்குக்கு, விரல்களால் நேராகப் பின்னே நியூட்ரல் வரை மட்டும் இழுங்கள். நடு வரிசைக்கு ஸ்பிரிங் தானாகக் கொண்டுவரும், பிறகு பின்னே. கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் சத்தம் எதிர்பாராமல் ஏறத் தொடங்கினால் அந்தக் கணமே கிளட்சைத் திரும்ப மிதியுங்கள், பிரேக்கைத் தேட வேண்டாம். கிளட்ச் பாதி விட்ட நிலையிலேயே மிதித்துவிட்டால் எஞ்சின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கக் கூடாது, கீழ் கியரில்தான் இறங்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆல்ப்ஸ் இறக்கத்திலும் அதே பாடம்தான். ஆனால் வேகத்தை முதலில் பிரேக்கால் குறைத்துவிட்டு, ஒவ்வொரு கியராக இறங்குங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்தக் கவலை குறைவு. எல்லையைத் தாண்டும் என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரே கீழ் கியரை மறுத்துவிடும்.

அரூர், இப்போது நியூ ஜெர்சி:

விளக்கு எரிந்ததும் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது, கம்ப்யூட்டர் பதிந்த பழுது எண்ணை, அதாவது கோடை (code) அழிப்பது இரண்டையும் செய்யாதீர்கள். கோடோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கிறது. பழுது பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருந்தது, வண்டி என்ன வேகம், கூலண்ட் எவ்வளவு சூடு, பாரம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

படிப்பது எளிது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் டிரைவர் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் வண்டிக் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஒரு ப்ளூடூத் ரீடர் வாங்கி மாட்டி, சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மொபைல் ஆப்பில் படியுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துவரும் ரீடரா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவற்றில் பல ஆண்ட்ராய்டுக்கு மட்டும். வாங்க விருப்பமில்லை என்றால் ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் இலவசமாகப் படித்துச் சொல்வார்கள். அவர்கள் கையோடு எடுத்துக் கொடுக்கும் பாகத்தை உடனே வாங்கிவிடாதீர்கள். கோடு எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், எது கெட்டது என்று சொல்லாது.

இந்தச் சம்பவத்துக்குப்பின் வரக்கூடியவை: பி0219 என்றால் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றியது என்ற பதிவு. அது மட்டும் இருந்து வண்டி ஒழுங்காக ஓடினால் ஆயிலைப் பார்த்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். பி0300 பல சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0301 முதல் பி0304 வரை கடைசி எண் எந்தச் சிலிண்டரோ அது. பி0335 கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) சென்சார், பலசமயம் அதன் வயர் அல்லது கனெக்டர். பி0016 வந்தால் கிராங்க்கும், வால்வைத் திறக்கும் தண்டான கேமும் ஒத்துப்போகவில்லை, டைமிங் தாண்டியிருக்கலாம். அதற்குமேல் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் 6,000-க்கு மேல் காட்டினால் பழுது அந்த நொடியிலேயே பதிவானது. 750 காட்டினால் பிறகு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நிற்கும்போது பதிவாகியிருக்கிறது. ஐடிலில் ஒரே சிலிண்டர் விடாமல் தவறுவது வால்வு வளைந்ததற்கான அடையாளமாக இருக்கலாம், அதை இலேசாக விடாதீர்கள்.

தருமபுரி, ஊரிலேயே ஒர்க்‌ஷாப்:

தம்பிகளா, வெளிநாட்டுல இருந்து எஞ்சின் சத்தத்த வாட்ஸ்அப்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புறீங்க. போன் தன் இஷ்டத்துக்கு சத்தத்த வடிகட்டிடும், பாதி விஷயம் அதுலயே போயிடும். கோடு நம்பர், ஃப்ரீஸ் ஃப்ரேம் ஸ்கிரீன்ஷாட், காலையில குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ற வீடியோ, ஆயில் டிப்ஸ்டிக் போட்டோ, இந்த நாலும் அனுப்புங்க. இங்கிருந்தே சொல்லிடலாம்.

நீங்களே பாக்குறதுன்னா இப்படிப் போங்க. வண்டிய சமதளத்துல நிறுத்தி, அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சு ஆயில் அளவு பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். அப்புறம் ஏர் ஃபில்டர் டப்பாவுல இருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குக் காத்து விடுற வாய்) வரைக்கும் போற ரப்பர் குழாய் கழண்டிருக்கான்னு கையால தடவிப் பாருங்க. எஞ்சின் குலுங்கினதுல கிளாம்ப் நழுவியிருந்தா அதுவே போதும் விளக்கு எரிய.

மூணாவது சிலிண்டர் கோடுன்னு வெச்சுக்கோங்க. எஞ்சின அணைச்சு, மூணாவது காயில கழட்டி ஒண்ணுல போடுங்க, ஒண்ணோடத மூணுல போடுங்க. பல வண்டியில ஒரே ஒரு 10 எம்எம் போல்ட்தான். கனெக்டரோட பிளாஸ்டிக் பூட்டு பழசானா உடையும், அழுத்தி விடுவிச்சுட்டுதான் இழுக்கணும். திரும்ப ஓட விட்டு பி0301ன்னு மாறிடுச்சுன்னா காயில்தான் போச்சு, சந்தோஷப்பட்டுக்கோங்க. மாறாம பி0303ஆவே நின்னா பிளக்க கழட்டுங்க, எஞ்சின் ஆறின பிறகு. பிளக் முனை நசுங்கி இடைவெளி மூடியிருந்தா உள்ள ஏதோ வந்து இடிச்சிருக்கு, அதோட நிறுத்திடுங்க. பிளக் நல்லா இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர் காத்த எவ்வளவு அழுத்துதுன்னு மீட்டர் வெச்சுப் பாக்கறது.

கம்ப்ரஷன் எடுக்கறப்போ எல்லா பிளக்கும் வெளிய இருக்கணும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸ எடுத்துடணும், காயில் கனெக்டர் எல்லாம் கழட்டி இருக்கணும், பேட்டரி நல்ல சார்ஜ்ல இருக்கணும். ஒருத்தர் ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு மீட்டர் முள் அஞ்சாறு தடவை ஏறுற வரைக்கும் செல்ஃப் அடிக்கணும். ஆக்சிலேட்டர மிதிக்காம எடுத்தா எல்லாமே கம்மியா காட்டி பயமுறுத்தும். பெட்ரோல் எஞ்சின்ல 150ல இருந்து 190 பிஎஸ்ஐ சாதாரணம். நம்பர விட வித்தியாசம்தான் முக்கியம். அதிகமா இருக்கற சிலிண்டர்ல முக்கால் பங்குக்குக் கீழ ஒண்ணு இருந்தா அங்கதான் கோளாறு. உதாரணமா 175, 180, 60, 178ன்னு வந்தா மூணாவதுல வால்வு உக்காரல. அப்புறம் காத்து ஏத்தி லீக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. காத்து ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்டேக் வால்வு, சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில வந்தா பிஸ்டன் ரிங், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட்.

கம்ப்ரஷன் சரியா இருக்கு, ஆனா அடியில இருந்து கனமா டொக் டொக்னு கேக்குது, ஆக்சிலேட்டர் கொடுத்தா கூடவே ஏறுதுன்னா அது ராட் பேரிங். மேல இருந்து லேசா டிக் டிக்னு வந்தா டாப்பெட் (வால்வ தட்டுற பாகம்) பக்கம். சத்தம் இல்லேன்னாலும் ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க. பழைய ஆயில சுத்தமான தட்டுல புடிச்சு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, ஃபில்டர வெட்டி காகிதத்த விரிச்சுப் பாருங்க. மினுமினுப்பு இருந்தா பேரிங் போயிட்டு இருக்கு. காந்தத்த விட்டு ஒண்ணும் ஒட்டலையேன்னு நிம்மதி ஆயிடாதீங்க. பேரிங் மேல இருக்கறது அலுமினியம், செம்பு மாதிரி உலோகம், காந்தத்துல ஒட்டாது.

ஊத்தங்கரை, இப்போது பர்மிங்ஹாம்:

பிரிட்டனில் ஸ்டியரிங் ஊர் மாதிரியே வலப்பக்கம் என்பதால் கை குழம்புவது குறைவு. இங்கே எம்ஓடி என்ற ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வண்டிப் பரிசோதனை பற்றிச் சொல்ல வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து எஞ்சின் விளக்கு எரிந்தால் அது பெரிய குறை, வண்டி தோற்கும். பெட்ரோல் கார் என்றால் 2003 ஜூலை முதல் ஓடத் தொடங்கியவை, டீசல் என்றால் 2008 ஜூலை முதல். எம்ஓடி நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள் அண்ணே, அன்றைக்குக் காலையில் போய் நின்றால் வேலை ஓடாது.

மோட்டார்வேயில் நிற்க நேர்ந்தால் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஆட்களை அழையுங்கள். இங்கே மோட்டார்வேயில் முக்கோணப் பலகை வைக்கக் கூடாது. ஜெர்மனியில் அதுவே கட்டாயம்.

பாலக்கோடு, இப்போது ஸ்டுட்கார்ட்:

ஆமாம், இங்கே முக்கோணம், மின்னும் மேலங்கி, முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். மேலங்கியைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். வாடகை வண்டி என்றால் பானட்டைத் திறக்காதீர்கள், ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு முதலில் அழையுங்கள்.

அரூர், இப்போது நியூ ஜெர்சி:

சர்வீஸ் சென்டரில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பல வண்டிகளில் அதிகபட்சச் சுற்று கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கும், போர்ஷே போன்றவற்றில் எந்த எல்லையில் எத்தனை முறை என்றுகூட. தப்பான கியரால் வந்த சேதத்தை வாரண்டி ஏற்காது. ஆனால் விளக்குக்குக் காரணம் வேறு என்றால் கேட்டு வாங்குங்கள்: அமெரிக்காவில் கன்வர்ட்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் மத்திய அரசு வாரண்டி உண்டு.

ரிப்பேர் முடிந்து கோடை அழித்ததும் நேராக புகை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகாதீர்கள். அழித்தால் வண்டிக் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று ஆகிவிடும். 2001 மாடல் முதலான பெட்ரோல் வண்டியில் பல மாநிலங்களில் ஒன்றுக்கு மேல் பாக்கி இருந்தால் விடமாட்டார்கள். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டுங்கள். டேங்க் கால் முதல் முக்கால் வரை இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவிச் சோதனை ஓடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் இதையே பயன்படுத்தலாம். ரீடரை மாட்டிப் பாருங்கள். கோடு ஒன்றும் இல்லை, ஆனால் சோதனைகள் பாதிக்குமேல் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதன்பிறகு பணம் கொடுங்கள்.