சிறுநீரக வீக்கம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நிலாவெளியில் கடற்றொழில் செய்யும் என் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தபோது, சிறுநீர் இறங்கும் வழியில் அடைப்பு ஏற்பட்டு இடது சிறுநீரகம் வீங்கியிருப்பதாக வைத்தியர் கூறினார். ஒரேயொரு போத்தல் தண்ணீருடன் வள்ளத்தில் ஏறி, உச்சி வெயில் முழுவதையும் கடலில் கழித்துவிட்டு, அதிலும் பாதியை மிச்சமாகக் கொண்டுவருபவர் அவர். தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் கல் உருவாகலாம் என்பதும், அது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சிறுநீர்க்குழாயை அடைத்தால் மேலே தேங்கும் சிறுநீரே சிறுநீரகத்தை விரியச் செய்யும் என்பதும் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால், அவருக்கு நீண்டகால நீரிழிவும் இருப்பதால், சிறுநீர்ப்பையின் நரம்புகள் பலவீனமடைந்து சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் நிற்கிறதோ என்ற கவலையும் உண்டு. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புரஸ்டேட் சுரப்பி பெருத்தால் பெரும்பாலும் இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கப்படும் என்பதால், ஒருபக்க வீக்கத்துக்குக் கல்லையோ குழாய்ச் சுருக்கத்தையோதான் முதலில் தேட வேண்டுமா?

இந்நிலையைக் கடந்தவர்கள், காரணத்தை உறுதிப்படுத்த உங்களுக்கு என்னென்ன பரிசோதனைகள் செய்யப்பட்டன என்பதையும், அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிய உள்ளே குழாய் வைக்கப்பட்டிருந்தால் அதனுடன் கடலுக்குப் போவது போன்ற கடின வேலை செய்ய முடிந்ததா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வரும்படி ஏற்கெனவே அறிவுறுத்தியுள்ளார்கள். அதில் கவனமாக இருக்கிறோம்.