அங்கதப் படங்களில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

கேள்வி

வர்க்க முரண்பாட்டை அங்கதமாகச் சொல்லும் படங்களை அண்மைக் காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பாங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ (2019), ரூபன் ஆஸ்ட்லண்டின் ‘ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்’ (2022) ஆகிய இரண்டும் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றவை. இரண்டையும் பார்க்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பால் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி பிறகு என்னை விடவில்லை. பணம் படைத்தவர்களைக் கேலி செய்யும் படத்தை அவர்களே ரசித்துக் கைதட்டிவிட்டு வீடு திரும்ப முடிகிறது என்றால், அந்தக் கேலி அதிகாரத்தைச் சிறிதேனும் அசைக்கிறதா, அல்லது சேர்ந்திருந்த கோபத்தைச் சிரிப்பாகக் கரைத்துவிடுகிறதா?

இன்னொன்றும் உறுத்துகிறது. ‘ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்’ படத்தில், பணக்காரர்களின் உல்லாசக் கப்பல் மூழ்கிய பிறகு தீவில் தலைவியாகும் பணிப்பெண் அபிகெயில், உணவைக் கொடுத்து ஓர் இளைஞனைத் தன் படுக்கைக்கு அழைத்துக்கொள்கிறாள். அதிகாரம் கைக்கு வந்தால் எல்லாரும் ஒன்றுதான் என்று படம் சொல்கிறதா? அப்படியானால் அது, இப்போது மேலே இருப்பவர்களுக்கே சாதகமான வாதமாகிவிடாதா? ஆழ்ந்து பார்த்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அபிகெயில் என்ன செய்கிறாள் என்பதைவிட, அவளால் ஏன் அதைச் செய்ய முடிகிறது என்பதே அந்தப் படத்தின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையொதுங்கியவர்களில் கையால் கடலில் இரை பிடிக்கவும், நெருப்பு மூட்டவும், சமைக்கவும் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. சுட்டதைப் பங்கிடும்போது, தன்னைத் தலைவி என்று வாயால் ஒப்புக்கொண்டவர்களுக்கே அவள் உணவு தருகிறாள். கப்பலில் கழிப்பறைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவளை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பணம் செல்லாத இடத்தில், உழைக்கத் தெரிந்த கை எவ்வளவு மதிப்புடையது என்பது ஒரே இரவில் வெளிப்பட்டுவிடுகிறது.

இதையே அறுபது ஆண்டுகளுக்கு முன் லூயி புனுவல் தலைகீழாகக் காட்டினார். மெக்சிகோவில் எடுத்த ‘தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்’ (1962) படத்தில், விருந்து தொடங்கும் வேளையில் மாளிகையின் பணியாளர்கள் காரணம் சொல்லாமல் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். தலைமைப் பணியாளர் மட்டுமே எஞ்சுகிறார். விருந்தினர்களோ ஓர் அறையை விட்டு வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது. எவரும் காவல் நிற்கவில்லை. ஆயினும் காலெடுத்து வைக்க முடியவில்லை. தாகம் தாங்காமல் சுவரை உடைத்துக் குழாயைத் தேடுகிறார்கள். அந்த முடக்கத்துக்குப் புனுவல் எந்த விளக்கமும் தருவதில்லை. பணியாளர்கள் போன பிறகுதான் அது நேர்கிறது என்ற வரிசை ஒன்றே எனக்குப் போதுமான விளக்கமாக இருக்கிறது.

ஆகவே ‘எல்லாரும் ஒன்றுதான்’ என்பதை நான் ஏற்கவில்லை. அபிகெயிலின் கொடுமை அவள் பிறவிக் குணமென்று படம் சொல்லவில்லை. அவள் கண்ட ஒரே ஆட்சிமுறை அந்தக் கப்பலில் நடந்தது, அதைத்தான் அவள் தீவிலும் நடத்துகிறாள்.

மறுமொழி 2

‘பாரசைட்’ படத்தைப் பணக்காரர்களைக் கேலி செய்யும் படம் என்ற வரிசையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் வரும் பணக்காரப் பார்க் குடும்பத்தினர் கொடியவர்கள் அல்லர். மரியாதையாகப் பேசுகிறார்கள், சம்பளத்தை ஒழுங்காகத் தருகிறார்கள். தன்னிடம் இவ்வளவு பணம் இருந்தால் தானும் நல்லவளாகவே இருப்பேன் என்ற பொருள்படக் அவர்கள் வீட்டில் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்த ஏழைக் கிம் குடும்பத்துத் தாய் சொல்கிறாள். அந்த இடத்தில் பலரும் சிரிப்பார்கள், ஆனால் படத்தின் மொத்த வாதமும் அதில் அடங்கியிருக்கிறது: நற்குணமே ஒரு வசதியாகிவிட்ட உலகத்தில், நல்ல எசமானர், கெட்ட எசமானர் என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

மழைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மேட்டிலுள்ள வீட்டிலிருந்து படிகளாகவே இறங்கி ஓடிவரும் கிம் குடும்பத்துத் தந்தையும் பிள்ளைகளும், தங்கள் பாதி நிலத்தடி வீட்டில் கழிவுநீர் நிரம்பியிருப்பதைக் காண்கிறார்கள். மறுநாள் திருமதி பார்க், அந்த மழை காற்றைச் சுத்தமாக்கியது என்று மகிழ்ந்து பேசுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, யாரையும் இகழவுமில்லை. ஒரே மழை இரண்டு வீடுகளில் இரண்டு செய்திகளாகிவிட்டது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லவும் அங்கே ஆளில்லை. கேட்டுக்கொண்டு காரோட்டும் கிம் குடும்பத்துத் தந்தையோ பேசக் கூடாத இடத்தில் இருக்கிறார். கிம் குடும்பத்தினரிடம் பார்க் குடும்பத்தினர் உணரும் வாசனையும் இத்தகையதே. உடையை மாற்றலாம், பேச்சை மாற்றலாம், போலிச் சான்றிதழ் தயாரிக்கலாம். ஆனால் அந்த வீட்டின் ஈரம் உடம்போடு வருகிறது. கடைசியில் அந்தத் தந்தை முதலாளியைக் கத்தியால் குத்தத் தூண்டுவது ஒரு வசைச்சொல்லும் அன்று; முதலாளி தன்னையறியாமல் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு கணம்.

அதைவிட என்னைக் கலங்கவைத்தது, பார்க் வீட்டின் நிலவறையில் ஒளிந்து வாழ்பவன் தன்னை அறியாத அந்த முதலாளியை வணங்குவதும், இரண்டு ஏழைக் குடும்பங்கள் ஒன்றையொன்று அடித்து வீழ்த்துவதும்தான்.

மறுமொழி 3

அங்கதம் அதிகாரத்தை அசைக்குமா என்ற முதல் கேள்விக்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று தருகிறேன். ழான் ரெனுவாரின் ‘தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ 1939 ஜூலையில் பாரிசில் வெளியானபோது பார்வையாளர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ரெனுவார் பல காட்சிகளை வெட்டிக் குறைத்தும் பயனில்லை. போர் தொடங்கிய பின்னர் அரசு அதைத் தடையும் செய்தது. படத்தில் புரட்சி முழக்கம் எதுவும் கிடையாது. மேட்டுக்குடியினர் ஒரு பண்ணை மாளிகையில் கூடுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள், காதல் விளையாட்டில் ஈடுபடுகிறார்கள். முடிவில் ஒருவர் சுடப்பட்டு இறக்க, வீட்டுத் தலைவர் அதை வருந்தத்தக்க விபத்து என்று அறிவித்து விருந்தினர்களை உள்ளே அழைக்கிறார். அந்தக் கண்ணியமான அறிவிப்புதான் பொறுக்க முடியாததாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் கேட்ட இன்னொன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. கீழ்த்தளத்தில் பணியாளர்கள் உணவருந்தும் காட்சியில், மேலே நிலவும் அதே படிநிலையும் அதே குலப்பெருமையும் நிலவுகின்றன. எசமானரின் யூதப் பின்னணியைப் பற்றிய புறம்பேச்சும் அங்கேதான் நடக்கிறது. ரெனுவார் இதை ஏழைகளின் குறையாகக் காட்டவில்லை. ஆள்பவரின் அளவுகோலையே ஆளப்படுபவரும் கையிலெடுக்கும் அளவுக்கு அதிகாரம் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று காட்டுகிறார்.

மறுமொழி 4

சாப்ளினை யாரும் குறிப்பிடவில்லையே. ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தின் முதலாளி தன் அறையில் புதிர்ப்படத் துண்டுகளை இணைத்துக்கொண்டிருப்பார். தொழிலாளி கழிப்பறையில் புகைக்க ஒதுங்கினாலோ, அங்கேயும் திரையில் தோன்றி விரட்டுவார். உணவு நேரத்தை மிச்சப்படுத்த ஊட்டும் இயந்திரத்தை வேறு பரிசோதிப்பார்கள். அங்கே நகைப்புக்கு ஆளாவது தனிமனிதரின் குணமன்று, நேரம் யாருக்குச் சொந்தம் என்ற ஏற்பாடு. அத்தகைய சிரிப்பு எளிதில் கரைந்துபோவதில்லை என்று நான் நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்தபின் ‘ட்ரையாங்கிள் ஆஃப் சாட்னஸ்’ இறுதிக் காட்சியை மீண்டும் பார்த்தேன். தீவின் மறுபுறத்தில் உல்லாச விடுதியின் லிஃப்ட் இருப்பதைக் கண்டதும், கப்பல் பயணிகளில் ஒருத்தியான மாடல் யாயா மகிழ்கிறாள். அபிகெயிலோ அவள் பின்னால் பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அதை அறியாத யாயா, ஊர் திரும்பியதும் நீ என் உதவியாளராக வேலை செய்யலாமே என்கிறாள். முதன்முறை பார்த்தபோது அந்தக் கல்லை மட்டுமே கவனித்தேன். இம்முறை, மனமார்ந்த நன்றியோடு சொல்லப்படும் அந்த வேலைவாய்ப்பைக் கேட்டபோதுதான் எனக்கு அச்சம் ஏற்பட்டது.