சிமேக் அசெம்ப்ளி ஃபைலைக் கண்டுக்கவே மாட்டேங்குது, அவசரம்!

பிட்டுப்பிட்டு:
சி ப்ராஜெக்ட், பில்ட் பண்றது சிமேக் டூல்ல. ஒரே ஒரு ஃபங்ஷனை அசெம்ப்ளியில் (ப்ராசஸரோட நேரடிக் கட்டளை மொழி) எழுதி, சிமேக் ஃபைலோட ஆட்_எக்ஸிக்யூட்டபிள் வரியில ஃபைல் பேரையும் சேர்த்தாச்சு. கடைசியில எல்லாத்தையும் இணைக்கிற லிங்கர் "அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்"னு, அதாவது அந்த ஃபங்ஷனைக் காணோம்னு நிக்குது. ஸ்பெல்லிங் சரிதான். நாளைக்குக் கொடுக்கணும், யாராவது சொல்லுங்களேன்.

ஓரெழுத்து:
எந்த ஓஎஸ்? கம்பைலர் ஜிசிசியா? அசெம்ப்ளியை மாத்துற அசெம்ப்ளர் காஸா, நாஸ்மா? சிமேக் ஃபைலை அப்படியே போடுங்க, ஜோசியம் பார்க்க முடியாது.

ரெஜிஸ்டர்ராஜா:
அசெம்ப்ளி ஃபைல்ல ஃபங்ஷன் பேருக்கு குளோபல்னு போட்டிருக்க மாட்டீங்க. அது இல்லாட்டி லேபிள் அந்த ஃபைலுக்குள்ளயே அடங்கிடும். அதேதான், பந்தயம்.

ஸ்டாக்சாமி:
ஆப்பிள் மேக்கா? அங்கே பேருக்கு முன்னால அண்டர்ஸ்கோர் வேணும். சி++னா எக்ஸ்டர்ன் "சி" போடணும்.

லிங்கர்_பெரியப்பா:
ஆவணம்னு ஒண்ணு இருக்கு தம்பி, யாரும் படிக்கிறதில்ல. ஒவ்வொரு கட்டளையையும் காட்டுற வெர்போஸ்ல பில்ட் ஓட்டுங்க. அசெம்ப்ளி ஃபைல் பேர் ஒரு வரியிலாவது வருதா? வராது. ப்ராஜெக்ட் வரியில மொழி எதுவும் சொல்லாட்டி சிமேக் சி, சி++ ரெண்டை மட்டும்தான் எடுத்துக்கும். மத்த ஃபைலை எரர்கூடக் காட்டாம விட்டுடும். அந்த வரியில "சி ஏஎஸ்எம்"னு எழுதுங்க, ஏஎஸ்எம்னா அசெம்ப்ளி. ஏஎஸ்எம் கடைசியில வரணும். அப்பதான் சி கம்பைலரே அசெம்ப்ளிக்கும் ஆகுமான்னு அது சோதிச்சுப் பார்க்கும்.

பிட்டுப்பிட்டு:
லினக்ஸ், எக்ஸ்86, ஜிசிசி. குளோபல் இருக்கு. ஏஎஸ்எம் சேர்த்ததும் அந்த எரர் போச்சு, ஆனா இப்போ நான் ஹேஷ் டிஃபைன் பண்ண பேருக்கே அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்!

ஓரெழுத்து:
ஃபைல் பேரைச் சொல்லுங்கப்பா. புள்ளிக்கு அப்புறம் சின்ன எஸ்தானே? அதுல டிஃபைனைக் கவனிக்கிற ப்ரீப்ராசஸர் ஓடாது. எக்ஸ்86 காஸுக்கு ஹேஷ்னா கமெண்ட், அதனால டிஃபைன் வரியை அப்படியே தாண்டிடும். பெரிய எஸ்ஸா மாத்துங்க, சிமேக் ஃபைல்லயும்.

ஸ்டாக்சாமி:
இதுக்குத்தான் சிமேக்குக்குப் பதிலா மேக்ஃபைல். சின்ன எஸ், பெரிய எஸ் ரெண்டுக்கும் விதி உள்ளயே இருக்கு.

ரெஜிஸ்டர்ராஜா:
அதை விஷுவல் ஸ்டுடியோவுல திறந்து காட்டுங்க, பார்ப்போம்.

ஸ்டாக்சாமி:
விண்டோஸை யார் கேட்டா?

லிங்கர்_பெரியப்பா:
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கோங்க. முதல்ல, அந்த ஃபங்ஷனுக்கு அசெம்ப்ளி எதுக்கு? சி-லயே ப்ராசஸர் கட்டளையைக் கூப்பிடுற இன்ட்ரின்சிக்ஸ் போதாதா?

பிட்டுப்பிட்டு:
ஓடிடுச்சு, நன்றி. எக்ஸிக்யூட்டபிள் ஸ்டாக்னு ஒரு வார்னிங், அப்புறம் பார்க்கிறேன்.

ஓரெழுத்து:
அப்புறம்னு விடாதீங்க. ஃபைல் கடைசியில "நோட் க்னு-ஸ்டாக்" செக்‌ஷனைக் காலியா ஒரு வரி போடுங்க. இல்லாட்டி உங்க ஒரு ஃபைலால மொத்த ப்ரோக்ராமுக்கும் ஸ்டாக் எக்ஸிக்யூட்டபிள் ஆகிடும், அதாவது டேட்டா வைக்கிற அந்த மெமரியில கோடும் ஓடலாம்னு ஆகிடும்.

ஸ்டாக்சாமி:
மேக்ஃபைல் போட்டாலும் இதே வார்னிங் வரும், ஒத்துக்கிறேன். மத்ததுல நான் சொன்னதுதான்.