புதுப்பிப்பு: ஐந்து பெரியவர்களும் ஆங்கிலமும்

"ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து ஆங்கிலம் பேசிப் பழகலாமா?" என்று மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். நான்கு பேர் வந்தார்கள். என்னையும் சேர்த்து ஐவர். இளையவருக்கே வயது 61.

புதன், சனி மாலைகளில் ஜூமில் கூடுகிறோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதுதான் எங்கள் பள்ளி மணி. வாயாடியான எனக்குக் கடிவாளமும்கூட.

இலக்கணம் பெரிய தொல்லையாக இல்லை, பள்ளியில் உருப்போட்டது நினைவிருக்கிறது. நாக்குத்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. தமிழில் ஒரே வகரம், ஆங்கிலத்தில் இரண்டு. 'வெட்' என்றால் ஈரமா, கால்நடை மருத்துவரா? ஈரத்துக்கு உதட்டைக் குவிக்க வேண்டும்; மருத்துவருக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மதுரை அக்கா கண்ணாடி முன் பயிற்சி செய்யப்போய், பல்வலியா என்று கணவர் கேட்டாராம்.

கனடாவில் மகன் வீட்டில் இருக்கும் அண்ணன் 'ப்ரீபோன்' என்று சொல்ல, பேத்திக்கு விளங்கவில்லையாம். தள்ளிப்போடுவதற்கு எதிராக, முன்கூட்டி வைப்பதை நாம் அப்படித்தானே சொல்கிறோம்? அது சரியான சொல்லா என்று அரை மணி நேரம் சண்டை, அதுவும் ஆங்கிலத்திலேயே! அன்றுதான் யாரும் தயங்காமல் பேசினோம். கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் எடுத்துக்கொண்ட மொழி இதையும் ஏற்கட்டும் என்பது என் கட்சி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அது இருப்பதைக் காட்டிய பிறகும் சேலத்து ஆசிரியர் இறங்கி வரவில்லை.

இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது. அகராதியை நம்புகிறவராக இருந்தால் எனக்கு வசதி.