ஏப்ரல் சீசனில் பிஎம்எக்ஸ், ஸ்கேட்போர்ட் ஷோ: ஆள் அந்தரத்தில் இருக்கும்போது எப்படிப் பிடிப்பது?

கொட்டகலை_கிளிக்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கல்யாண வீடு, தேர்த் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று படம் எடுத்துப் பழகியவன் நான். இந்த ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு பிஎம்எக்ஸ் (வித்தை காட்டுகிற சின்னச் சைக்கிள்), ஸ்கேட்போர்ட் ஷோ இருக்கிறது. கிரகரி வாவிப் பக்கம் திறந்த வெளியில் பிளைவூட் ரேம்ப் போட்டுச் செய்கிறார்கள், பகலில் ஒரு சுற்று, பொழுது சாய்ந்த பிறகு லைட் போட்டு இன்னொரு சுற்று. ஏற்பாடு செய்பவர்களில் ஒருவரைத் தெரியும் என்பதால் கயிற்றுக்கு உள்ளே நிற்க விடுகிறார்கள்.

கையில் இருப்பது கெனான் 700டி, கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ், ஒரு 55-250 மி.மீ. லென்ஸ், யோங்னுவோ மெனுவல் பிளாஷ் ஒன்று. புதிதாக எதுவும் வாங்குகிற நிலையில் இல்லை. டவுனில் பசங்க முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதையும் சின்னப் பலகை வைத்துப் பாய்வதையும் எடுத்துப் பார்த்தேன். ஷட்டர் வேகம் 1/250 செக்கனில் சைக்கிளும் கையும் கலைந்துபோகிறது, 1/1000-க்கு ஏற்றினால் எல்லாம் தெளிவாக இருக்கிறது ஆனால் சைக்கிளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது, வேகமே இல்லை. எந்த ஷட்டர் சரி? எந்த லென்ஸ், எங்கே நிற்பது? இரவுக்குப் பிளாஷ் போடலாமா? அப்புறம் நுவரெலியா என்பதால் கேட்கிறேன், பனிமூட்டம் இறங்கிவிட்டால் என்ன செய்வது?

தேயிலைத்தூறல்:

தம்பி, ஷட்டருக்கு முன்னால் நிற்கிற இடத்தைப் பேசுவோம். உங்கள் படத்தில் வேகம் தெரியாததற்குக் காரணம் 1/1000 இல்லை. 55-250-ஐ நீட்டி ஆளை மட்டும் இறுக்கிப் பிடித்திருப்பீர்கள், பின்னால் வெறும் வானம் இருந்திருக்கும். அப்படி எடுத்தால் ஆள் இரண்டடி உயரத்தில் இருக்கிறாரா பத்தடியிலா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? எங்கேயிருந்து கிளம்பினார், எங்கே இறங்கப் போகிறார், இந்த இரண்டும் படத்துக்குள் வர வேண்டும். ரேம்பின் மேல்விளிம்பு ஒரு பக்கம், இறங்குகிற சரிவு மறுபக்கம், நடுவில் ஆள். இது அமைந்தால் 1/2000-இல் உறைய வைத்தாலும் பாய்ச்சல் தெரியும்.

குந்தியிருந்து எடுங்கள். 18-ஐப் போட்டு, ரேம்புக்குப் பக்கவாட்டில், கெமராவை முழங்கால் உயரத்தில் வைத்தால் சாதாரணப் பாய்ச்சல்கூடப் பெரிதாகத் தெரியும். ஸ்கேட்போர்ட் படக்காரர்கள் ஃபிஷ்ஐ லென்ஸை விடாமல் வைத்திருப்பதும் இதற்காகத்தான். உங்கள் கெமராவின் சின்ன சென்சாரில் 18 என்பது பெரிய சென்சாரில் 29 மி.மீ. அளவுக்குத்தான் அகலம், அதனால் கிட்டப் போகாவிட்டால் ஆள் எறும்பளவுக்குச் சிறுத்துவிடுவார். 18-இல் லென்ஸ் துவாரத்தை எஃப் 8-இல் வைத்து இரண்டரை மீற்றரில் ஃபோகஸ் செய்து லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்கிற நிலைக்கு) தள்ளிவிட்டால், ஒன்றரை மீற்றரிலிருந்து பின்னால் மலை வரைக்கும் தெளிவாக வரும், ஃபோகஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

55-250-ஐ வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். தள்ளி நின்று 100, 150-இல் எடுத்தால் பின்னால் இருக்கிற மலையும் மரங்களும் கிட்ட வந்து நிற்கும். வாவிப் பக்கமிருந்து வடக்கே பார்த்தால் பீதுருதாலகாலை, 2524 மீற்றர், இலங்கையிலேயே உயர்ந்த மலை. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பாய்கிற ஒரு பொடியனின் படத்தை வேறு எந்த ஊரில் எடுக்க முடியும்? முகம், ஹெல்மெட், ரேம்ப் மட்டும் இருக்கிற படம் கலிபோர்னியாவிலும் எடுக்கலாம்.

இப்போது நேரம். பாய்ச்சலின் உச்சியில் ஆள் கொஞ்சம் நிற்கிற மாதிரி இருக்கும், அது கண்ணின் மயக்கம் இல்லை. ஒன்றேகால் மீற்றர் எழும்புகிறவர் மொத்தமாக ஒரு செக்கன்தான் அந்தரத்தில் இருப்பார். ஆனால் உச்சிக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு செக்கனுக்குள் அவருடைய உயரம் மாறுவது வெறும் 5 சென்ரிமீற்றர். 700டி செக்கனுக்கு 5 படம் எடுக்கும், அதாவது படத்துக்குப் படம் இடைவெளி 0.2 செக்கன். அழுத்திப் பிடித்திருந்தால் ஒரு படமாவது உச்சிக்குக் கிட்டத்தில் விழுந்தே தீரும். உயரத்துக்கு இது போதும். ட்ரிக்கின் வடிவத்துக்குப் போதாது, கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றி முடிகிற நேரமே அந்த இடைவெளியை விடப் பெரிதாக இருக்காது. அதற்கு ஒரே ஒரு தடவை, சரியான இடத்தில் அழுத்தப் பழக வேண்டும். சுருக்காத ரா (RAW) கோப்பாக எடுத்தால் சில படங்களிலேயே கெமரா மூச்சு வாங்கும், பர்ஸ்ட் (அழுத்திப் பிடித்துத் தொடராக எடுப்பது) வேண்டுமென்றால் ஜேபெக்குக்கு மாறுங்கள்.

ஷட்டருக்கு என் பதில்: பகலில் 1/500-இல் தொடங்கிப் பாருங்கள், ஆளோடு சேர்த்துக் கெமராவையும் மெதுவாகத் திருப்பி உச்சியில் அழுத்துங்கள். ஆள் தெளிவாக வருவார், சுழல்கிற சக்கரக் கம்பிகள் மட்டும் லேசாகக் கரையும். நீங்கள் தேடுகிற வேகம் அதில் இருக்கிறது. ஸ்கேட்போர்டுக்கும் சுழற்சி ட்ரிக்குகளுக்கும் 1/1000-க்குக் கீழே இறங்க வேண்டாம். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) மெனுவலில் இருக்கட்டும், ஆள் வானத்துக்கு எழும்பியதும் ஓட்டோ ஏமாந்து அவரைக் கறுப்பாக்கிவிடும்.

ஒன்று மறந்துவிடக் கூடாது. ஏப்ரல் 5-இலிருந்து 15 வரைக்கும் மத்தியானச் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். ஹெல்மெட் விளிம்பின் நிழல் முகத்தை அப்படியே மூடும். முகம் வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

இருபது_இன்ச்:

நான் கண்டியில் பிஎம்எக்ஸ் ஓட்டுகிறவன், அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். மேலே அண்ணன் சொன்ன இடம், நேரம் எல்லாம் சரி, ஆனால் அந்த இடத்தையும் நேரத்தையும் உங்களுக்குச் சொல்லப் போவது நாங்கள்தான். ஷோவுக்கு முன்னால் கட்டாயம் பயிற்சி ஓட்டம் இருக்கும். அதற்கு வந்து கெமராவைத் தூக்காமல் முதலில் பாருங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை இருக்கும், ஒரே ட்ரிக்கை ஒரே இடத்தில்தான் போடுவார். பிறகு போய்க் கேளுங்கள்: என்ன போடப் போகிறீர்கள், எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? கேட்டால் யாரும் கோபிக்க மாட்டோம், கேட்கிறார்களே என்று சந்தோஷம்தான் வரும்.

ஸ்கேட்போர்ட்காரர்களிடம் எந்தக் கால் முன்னே என்று பாருங்கள். இடது கால் முன்னே வைக்கிற ரெகுலர் ஆள் என்றால், அவர் போகிற திசைக்கு வலப்பக்கம் நின்றால்தான் மார்பும் முகமும் உங்களைப் பார்க்கும். வலது கால் முன்னே வைக்கிற கூஃபி என்றால் இடப்பக்கம். இது தெரியாமல் நின்றால் பின்னேரம் வரைக்கும் முதுகைத்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

வடிவம் என்று அண்ணன் சொன்னது மிக முக்கியம். டேபிள்டாப் என்றால் சைக்கிள் முழுக்கப் படுத்துக்கிடக்கிற கணம், பாதி சாய்ந்த படம் எங்களுக்குப் பாதி ட்ரிக்தான். பார்ஸ்பின் என்றால் இரண்டு கையும் விட்டு, கைப்பிடி பின்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கை பிடித்த பிறகு எடுத்தால் அது வெறும் பாய்ச்சல். டெய்ல்விப்பில் சைக்கிள் உடம்பு பாதிச் சுற்றில் ஆளை விட்டு விலகி நிற்கும்போது. கிக்ஃப்ளிப்பில் பலகை கவிழ்ந்து சுழல்கிற படத்தை வெளியாட்கள் விரும்புவார்கள், ஸ்கேட்போர்ட் போடுகிறவர்கள் விரும்புவது சுழன்று முடிந்த பலகையைக் கால் மேலேயே பிடிக்கிற கணத்தை. இரண்டையும் எடுங்கள், எது யாருக்கு என்று தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறம், இறங்காத ட்ரிக்கை ட்ரிக் என்று போடாதீர்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் பிஎம்எக்ஸ் வீராங்கனை சார்லட் வொர்திங்டன் 360 பேக்ஃப்ளிப்பை (பின்பக்கக் குட்டிக்கரணத்தோடு ஒரு முழுச் சுற்று) முதல் ஓட்டத்தில் போட்டு விழுந்தார், இரண்டாவது ஓட்டத்தில் அதையே போட்டு இறங்கித் தங்கம் வாங்கினார். அந்தரத்தில் எடுத்த படத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், எங்களுக்கு இரண்டும் ஒன்றே இல்லை. யாராவது விழுந்தால் உடனே உங்கள் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவிடுங்கள், இரவு கணினியில் பிரிக்கும்போது அதற்கு முந்திய தொடர் இறங்காதது என்று தெரிந்துவிடும். விழுகிற படத்தைப் போடுவதானால் விழுந்தவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், சின்னப் பிள்ளை என்றால் வீட்டாரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, இறங்குகிற நேர்க்கோட்டில் நிற்கவே வேண்டாம். ஸ்கேட்போர்ட்காரர் காலை எடுத்தால் பலகை மட்டும் தனியாகப் பாய்ந்து வரும், குந்தியிருக்கிற உங்கள் முகத்தின் உயரத்துக்கு.

நானுஓயாக்காரி:

அந்தக் கடைசி வரியை நானும் அழுத்திச் சொல்கிறேன் தம்பி. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்ததை நம்ம பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சைக்கிள் கார் இல்லைதான், ஆனால் கயிற்றுக்கு உள்ளே நிற்க விட்டார்கள் என்பதற்காக அந்த இடம் பாதுகாப்பான இடம் ஆகிவிடாது. கண்ணைக் கெமராவில் வைத்தால் பக்கத்தில் வருவது தெரியாது. இன்னொரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள், தோளைத் தட்டினால் விலகிவிடலாம்.

இரவுக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/1000-இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், சிலதில் பாதி மஞ்சளாகக் கோடு விழுந்தும் வரும். கெமரா பழுது என்று பயப்படாதீர்கள். 1/100-இல் அது மறையும், ஆனால் 1/100-இல் பாய்ச்சலைப் பிடிக்க முடியாது. இதற்கு ஈடு கொடுக்கிற வசதி 700டியில் கிடையாது. பொழுது சாயும்போது லைட் போட்டதுமே சும்மா ரேம்பை ஒரு தொடர் எடுத்துப் பாருங்கள், மினுங்கினால் இரவு முழுக்கப் பிளாஷை நம்புங்கள்.

பிளாஷோடு 700டியில் 1/200-க்கு மேல் போக முடியாது, அது பரவாயில்லை, ஏனென்றால் அப்போது ஆளை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, பிளாஷ்தான். முழுப் பவரில் பிளாஷ் எரிகிற நேரமே நீண்டுவிடும், கலங்கும். 1/8, 1/16 என்று இறக்கினால் செக்கனில் சில ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பவர் குறைகிறதென்றால் பிளாஷைக் கிட்டக் கொண்டுபோங்கள், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவை) கொஞ்சம் ஏற்றுங்கள். மற்ற லைட்டின் வெளிச்சம் இரண்டு ஸ்டொப்பாவது (அதாவது கால்வாசியாக) குறைவாக இருக்கிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் தெளிவான ஆளைச் சுற்றி ஒரு மங்கல் நிழல் ஒட்டிக்கொண்டு வரும்.

பனிமூட்டத்தில் கெமரா மேலேயே பிளாஷ் வைத்து அடித்தால் படம் முழுக்க வெள்ளைத் திரைதான், முன்னால் இருக்கிற நீர்த்துளி எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பிளாஷைக் கழற்றி ரேம்புக்குப் பின்பக்க மூலையில், ஆளுக்குப் பின்னால் சரிவாக நிறுத்துங்கள். அதே பனி ஆளுக்குப் பின்னால் ஒளிர்ந்து நிற்கும், விளிம்பு முழுக்க வெளிச்சக் கோடு வரும். கொழும்புக்காரர்கள் புகை இயந்திரம் வைத்துச் செய்வதை நமக்கு மலை சும்மா தருகிறது. யோங்னுவோ 560 என்றால் கெமராவின் சொந்தப் பிளாஷைப் பார்த்து எரிகிற எஸ்1, எஸ்2 மோட் அதில் இருக்கும், ரேடியோ ட்ரிகர் இல்லாவிட்டாலும் இரவில் சமாளிக்கலாம். பிளாஷ் வைத்த இடத்தை ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இறங்குகிற நேரத்தில் கண்ணில் அடித்தால் ஆள் விழுவார்.

பகல் பனி என்றால் 250-ஐக் கழற்றிவிட்டு 18-ஓடு கிட்டப் போங்கள், தூரத்தில் ஃபோகஸ் அலைந்துகொண்டே இருக்கும். ஏப்ரலில் பின்னேர மழையும் உண்டு, பிளைவூட் நனைந்தால் ஷோ நின்றுவிடும், அதனால் வேண்டிய படத்தைப் பின்னேரத்துக்கு என்று வைக்காதீர்கள். குளிரிலிருந்து தேநீர்க் கடைக்குள் நுழையும்போது கெமராவைப் பையில் போட்டு ஸிப்பை மூடிவிட்டு நுழையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும்.

கொட்டகலை_கிளிக்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் மிக்க நன்றி. முகத்தை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்பதை யோசித்தே இருக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. கார் பந்தயத்தில் எடுப்பது மாதிரி பின்னணி கோடு கோடாக ஓடுகிற படம் இந்த ஷோவில் எடுக்கலாமா? எடுத்த படங்களை ஓட்டுகிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

தேயிலைத்தூறல்:

எடுக்கலாம், பாய்ச்சலில் வேண்டாம், ஓடி வருகிற இடத்தில் எடுங்கள். நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட ஹில் க்ளைம்பில் (மலையேற்றக் கார் பந்தயத்தில்) கார்களுக்கு 1/125 வைத்தாலே பின்னணி ஓடிவிடும். சைக்கிளும் பலகையும் அந்த வேகம் வராது, 1/60, 1/30 வரைக்கும் இறங்க வேண்டியிருக்கும். உங்களுக்குக் குறுக்கே போகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள், இடுப்பிலிருந்து திரும்புங்கள், அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பத்துக்கு எட்டு கலங்கும், அது வழமை. பின்னால் கூட்டமும் கலர்க் கொடியும் இருந்தால் கோடுகள் அழகாக வரும், வெறும் பனி இருந்தால் ஒன்றுமே தெரியாது.

இருபது_இன்ச்:

அன்றிரவே ஆளுக்கு இரண்டு மூன்று நல்ல படம் அனுப்பினால் போதும், நூறு வேண்டாம். இறங்கிய ட்ரிக் எது என்று அவரிடமே காட்டி ட்ரிக்கின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தப்பான பெயர் போட்டால் எங்களுக்கு வலிக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொகியூமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பிறகு அதை அச்சடிக்க முடியாது.